ஓகே பிறந்தது பத்திரிகை மேசையில்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'ஓகே' என்ற சொல் பிறந்தது பழங்குடி மொழியிலா, பத்திரிகை மேசையிலா? எதிரணி நண்பர், அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களின் சொல்தான் மூலம் என்றார். அதிபர் உட்ரோ வில்சனே அதை நம்பியவர் என்றும் சொன்னார். உண்மைதான், நம்பினார். ஒலியும் பொருளும் ஒத்துத்தான் போகின்றன. ஆனால் முகஜாடை ஒத்திருந்தால் மட்டும் வாரிசாகிவிட முடியாது. அந்தச் சொல் எப்போது, யார் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது? அதற்கு எழுத்துச் சான்று வேண்டும் அல்லவா?

எங்களிடம் இருக்கிறது. 1839 மார்ச் 23, பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகை. ஒரு கேலிக் குறிப்பில் 'ஓ. கே.' என்று அச்சிட்டு, பக்கத்திலேயே 'ஆல் கரெக்ட்' என்று விளக்கமும் தந்திருக்கிறார்கள். எல்லாம் சரி என்று பொருள். அப்படியானால் ஏ. சி. என்றல்லவா வர வேண்டும்? அங்கேதான் விஷயம். வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளைச் சுருக்கமாகப் போடுவது அன்றைய பத்திரிகைகளில் ஒரு மோகம். 'ஆல்' என்பதை ஓ-வில் தொடங்கியும் 'கரெக்ட்' என்பதை கே-யில் தொடங்கியும் பிழையாக எழுதினார்கள், 'ஓ. கே.' வந்தது. 'ஆல் ரைட்' அப்படித்தான் 'ஓ. டபிள்யூ.' ஆனது. 'நோ கோ', 'கே. ஜி.' ஆனது. கூடப் பிறந்த இத்தனை சொற்களையும் பழைய பத்திரிகைகளில் தேடித் தேடி எடுத்து, 1960-களில் வெளியிட்டார் ஆலன் வாக்கர் ரீட் என்ற பேராசிரியர். அந்த உழைப்பை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பிழையில்லாமல் எழுதத் தெரியாத அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் கோப்புகளில் போட்ட எழுத்து என்றும் சொன்னீர்கள். அது 1840 தேர்தல் நேரத்தில் எதிர்க்கட்சியினர் கிளப்பிவிட்ட கதை. சொல் அச்சேறிய பிறகு வந்தது.

சரி, மற்றதெல்லாம் மறைந்தபோது இது மட்டும் ஏன் பிழைத்தது? நியாயமான கேள்வி. அதே தேர்தலில் மறுபடியும் நின்றார் அதிபர் மார்ட்டின் வான் பியூரன். கிண்டர்ஹூக் ஊர்க்காரர் என்பதால் 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று பட்டப்பெயர். ஆதரவாளர்கள் நியூயார்க்கில் ஓ. கே. சங்கமே தொடங்கிவிட்டார்கள். அவர் தோற்றார், ஆனால் அதற்குள் சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது. அப்புறம் தந்தி வந்தது. செய்தி கிடைத்தது என்று சொல்ல இரண்டே எழுத்து போதும் என்றால் தந்திக்காரர் விடுவாரா?

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆங்கிலத்தில் இந்தச் சொல் இதே பொருளில் வந்திருக்கும் ஒரு தாள், 1839 மார்ச் 23-க்கு முந்தைய தேதியோடு, உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் நடுவரிடம் கொடுங்கள்.