கீழே மேல்காற்று, மேலே கீழ்க்காற்று

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதம் நடந்துகொண்டிருக்கிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமிருந்து கேட்கிறவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். காயப்போட்ட துணி பக்கத்துத் தோட்டத்து வேலியில் போய் மாட்டியிருக்கும். வண்டியில் போகிறவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். இந்தக் காற்றை வைத்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் நானும் ஒரு பந்தயம் நடத்துகிறோம். பலூன் பந்தயம்.

பலூன் என்றவுடன் உங்களுக்குப் பொள்ளாச்சி நினைவு வரும். 2015-லிருந்து பொங்கலை ஒட்டி அங்கே வெப்பக்காற்றுப் பலூன் திருவிழா நடக்கிறது. அதைத் தையில் வைத்திருக்கிறார்களே, ஆடியில் ஏன் வைப்பதில்லை? இந்தக் காற்றில் அந்தப் பலூனைத் தரையில் விரித்து ஊதிக்கூட முடியாது. தை மாதக் காலை நேரம்தான் அதற்குச் சரி. அப்போது காற்று மெல்லக் கிழக்கிலிருந்து வரும். அதனால்தான் பொள்ளாச்சியில் ஏறிய பலூன் எல்லை தாண்டிப் பாலக்காட்டு வயலில் இறங்கியது என்று செய்தி படிக்கிறோம்.

எங்கள் பலூன் கணினிக்குள் ஏறுவது. பலூன் கற்பனை, காற்று மட்டும் நிஜம். இதை இன்னொரு முறை சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதை வீடியோ கேம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பலூனைத் தள்ளும் காற்றை நாங்கள் உருவாக்குவதில்லை. இந்த நிமிடம் பல்லடத்துக்கு மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் என்ன காற்று அடிப்பதாக வானிலைக் கணிப்பு சொல்கிறதோ அதே காற்று, அதே திசை, அதே வேகம். நொடிக்கு 10 மீட்டர் என்றால் மணிக்கு 36 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் வரைபடத்தில் பலூன் நகரும். புள்ளி மாறியதும், அந்த இடத்துக் காற்று என்ன என்று மறுபடி பார்த்து அடுத்த அடி வைக்கும். அவ்வளவுதான்.

சுக்கான் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. ஆட்டக்காரர் மாற்றக்கூடியது உயரம் ஒன்றைத்தான். பேருந்து நிலையத்தில் நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவது நீங்கள் இல்லை, எதில் ஏறுவது என்பது மட்டும் உங்கள் கையில்.

சரி, மேலே அடிக்கிற காற்று கணினிக்கு எப்படித் தெரியும்? அங்கேயும் பலூன்தான்! உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான நிலையங்களிலிருந்து நாளுக்கு இரண்டு முறை வானிலை பலூன் விடுகிறார்கள். கிரீன்விச் கணக்கில் நள்ளிரவும் நண்பகலும், நமக்கு விடியற்காலை ஐந்தரை, மாலை ஐந்தரை. சென்னையில், காரைக்காலில், கொச்சியில் எல்லாம் விடுகிறார்கள். நிமிடத்துக்கு 300 மீட்டர் வீதம் ஏறி, 30 கிலோமீட்டர் போல் போய் வெடிக்கும். போகிற வழியெல்லாம் செய்தி அனுப்பிக்கொண்டே போகும். அதோடு விமானங்கள், செயற்கைக்கோள்கள் தருவதையும் சேர்த்துப் பெரிய கணினிகள் கணக்குப் போடுகின்றன. அமெரிக்க வானிலைத் துறையின் கணிப்பு நாளுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நான் மிகவும் ஆசைப்பட்டுச் சொல்ல வந்த விஷயம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆடி மாதச் சாயங்காலம், பேரனைக் கூட்டிப்போக ஒரு பெரியவர் வந்தார். எங்கள் ஊர் விவசாயி. பையன் கணினியை விட்டு நகரவில்லை. அவர் பின்னால் நின்று திரையைப் பார்த்தார், அப்புறம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "ஏனுங்க வாத்தியாரே, பையன் பலூன் என்னங்க மேக்கால போகுது? காத்தாடியெல்லாம் மேக்க பாத்துத்தானுங்க நிக்குது?" என்றார்.

நம் ஊர்க் காற்றாலைகள் காற்று வருகிற திசையைப் பார்த்துத் திரும்பி நிற்கும். மேற்கே பார்த்து நின்றால் காற்று மேற்கிலிருந்து வருகிறது. அப்படியானால் பலூன் கிழக்கே, கரூர் பக்கம் போக வேண்டும். பையனுடைய பலூனோ பாலக்காட்டைத் தாண்டி அரபிக்கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பெரியவர் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி.

"அவன் 15 கிலோமீட்டர் மேலே ஏற்றிவிட்டான் ஐயா, அங்கே காற்று கிழக்கிலிருந்து அடிக்குது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்பிடீங்களா! பொழுது எறங்கற நேரத்துல ஒசக்க இழை இழையா ஒரு மேகம் இருக்குமுங்க. கீழ இருக்கற மேகம் ஓடிக்கிட்டே இருக்கும், அது மட்டும் சும்மா நிக்கறாப்பல தெரியும். அது இந்தக் காத்துல சேந்தது இல்லீங்களா?"

இல்லைதான். பாடத்தில் இதைப் பல வருடம் நடத்தியவன் நான். வானத்தைக் காட்டி அவர் சொன்ன அளவுக்குத் தெளிவாக நான் சொன்னதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று என்று நாம் சொல்வது கீழே இருக்கிற தளம்தான். சுமார் ஆறு கிலோமீட்டர் போனால் காற்று சோம்பிவிடும். அதற்கும் மேலே திசையே திரும்பிவிடும். கோடையில் திபெத் பீடபூமி சூடேறுவதோடு சேர்ந்து வருகிற கீழைத் தாரைக்காற்று அது, அதாவது கிழக்கிலிருந்து வேகமாகப் பாய்கிற உயரத்துக் காற்று. தென்னிந்தியாவுக்கு மேலே மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல்கூட அடிக்கும். இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டேஸ்வரம் அதைப் பற்றி 1958-இல் விரிவாக எழுதினார். பின்னாளில் அந்தத் துறைக்கே தலைமை இயக்குநராக இருந்தவர்.

நீங்களும் பார்க்கலாம். கீழ் மேகத்துக்கு நடுவே இடைவெளி கிடைக்கும்போது, ஒரு விளக்குக் கம்பத்தின் நுனியை அடையாளமாக வைத்து, உயரத்து இழை மேகத்தைக் கவனியுங்கள். அசையாமல் நில்லுங்கள். தூரம் அதிகம் என்பதால் மெதுவாகத் தெரியும், ஆனால் மேற்கே நகர்வது தெரிந்துவிடும்.

அந்தப் பெரியவர் கேட்டதிலிருந்துதான் எங்கள் பந்தயத்தின் விதியே மாறியது. முதலில் யார் பலூன் அதிக தூரம் போகிறது என்று பார்த்தோம். இப்போது விதி வேறு: பல்லடத்தில் ஏற்றிய பலூனைப் பல்லடத்துக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். தாழப் பறந்தால் மணிக்கு 36 கிலோமீட்டரில் எட்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட நாகப்பட்டினம். அங்கே மேலே ஏற்றினால் திரும்பி வர மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஏறும்போதும் இறங்கும்போதும் பலூன் எங்கெங்கோ தள்ளப்படும், அதில்தான் ஆட்டமே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாராபுரம் வரை கொண்டுவந்துவிட்டாள். அமெரிக்காவில் அல்புகர்கி என்ற ஊரில் நிஜப் பலூன்காரர்களே இப்படித் தளம் மாறித் தளம் மாறி, கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.

பலூனில் உலகத்தை முதன்முதலில் நிற்காமல் சுற்றியவர்களும் இப்படித்தான் போனார்கள். 1999 மார்ச் 1-இல் பெர்ட்ரான் பிக்காரும் பிரையன் ஜோன்ஸும் சுவிட்சர்லாந்தில் கிளம்பினார்கள். போக வேண்டியது கிழக்கே. ஆனால் முதலில் தென்மேற்கே, வட ஆப்பிரிக்கா பக்கம் போனார்கள். நல்ல வேகக் காற்று அங்கேதான் கிடைக்கும் என்று தரையில் இருந்த இரண்டு வானிலையாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். சீனாவோ 26-ஆவது அட்சரேகைக்குத் தெற்கே மட்டும்தான் போக அனுமதி தந்திருந்தது. இந்தியாவுக்கு மேலே பறந்து, அந்தக் கோட்டுக்குத் தெற்கேயே சீனாவைக் கடந்து, 20 நாளில் எகிப்தில் போய் இறங்கினார்கள். எங்கள் பிள்ளைகள் போடுவது அதே கணக்குதான், உயிருக்கு ஆபத்து மட்டும் கிடையாது.

இதில் ஒரு குறை இருக்கிறது. எங்களுக்குக் கிடைக்கிற இலவசக் கணிப்பு சுமார் 28 கிலோமீட்டர் கட்டங்களாக இருக்கிறது. நம் பாலக்காட்டுக் கணவாயின் அகலமே 30, 40 கிலோமீட்டர்தான். ஒருபக்கம் நீலகிரி, ஒருபக்கம் ஆனைமலை, இரண்டுக்கும் நடுவே காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிறதே, அந்த வேகம்தான் நமக்கு இத்தனை காற்றாலைகளைத் தந்தது. கணிப்பின் கண்ணுக்கு அது ஒன்றிரண்டு கட்டம். அதனால் தாழப் பறக்கிற கற்பனைப் பலூன் கணவாய்க்குள் வந்தால், நிஜக் காற்றைவிட மந்தமாகவே நகரும் என்று நான் சந்தேகிக்கிறேன். பெரியவரைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். விழாக்களில் நூற்றுக்கணக்கில் ரப்பர் பலூன் பறக்கவிடுகிறோமே, அதைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். விழுகிற ரப்பரைப் பறவைகளும் கடலாமைகளும் தின்றுவிடுகின்றன. அமெரிக்காவில் வர்ஜீனியா, மேரிலாந்து, புளோரிடா மாநிலங்கள் அப்படிப் பறக்கவிடுவதைத் தடை செய்துவிட்டன. நன்கொடை திரட்டக்கூடச் சிலர் இப்போது கற்பனைப் பலூனைத்தான் விற்கிறார்கள்.

வீட்டில் முயன்று பார்க்கிறவர்களுக்கு அவசரமாக இரண்டு விஷயம். விண்டி போன்ற இணையதளங்களில் உயரத்தைக் காற்றழுத்தக் கணக்கில் போட்டிருப்பார்கள். 850 என்றால் ஒன்றரை கிலோமீட்டர், 500 என்றால் ஆறுக்குச் சற்றுக் கீழே, 150 என்றால் 14 கிலோமீட்டர். வானிலைக்காரர்கள் திசையாகச் சொல்வது காற்று எங்கிருந்து வருகிறது என்பதை. 270 பாகை என்று இருந்தால் மேற்கிலிருந்து வருகிறது, உங்கள் பலூனைக் கிழக்கே நகர்த்துங்கள். நன்றி, வணக்கம்.