ஊசி குத்தினால் உடனே சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனையில் பாதுகாப்பு என்றதும் நம் நினைப்பு நேராக நோயாளியிடம் போய் நிற்கிறது. நிற்கட்டும், தப்பில்லை. ஆனால் அந்த நோயாளிக்கு ஊசி போடுகிறவர், புண்ணுக்குக் கட்டுப் பிரிக்கிறவர், கட்டிலுக்கு அடியில் துடைக்கிறவர், இவர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று யார் பார்க்கிறார்கள்? தொற்றுத் தடுப்பு வேலையில் இருந்த செவிலியர் என்ற முறையில் இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஓர் ஊசியிலிருந்து தொடங்கலாம். போட்டு முடித்த ஊசிக்கு மறுபடி மூடியை மாட்டப் போகும்போது விரலில் குத்திவிடுகிறது. நோயாளிக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்று இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. ஹெச்ஐவி என்றால் சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று பேர். எல்லோரும் நடுங்குவது ஹெச்ஐவிக்கு. எளிதில் தொற்றுவதோ ஹெபடைடிஸ் பி. அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. இருந்தும் தவணைகளை முடிக்காமலே வார்டில் வேலை பார்க்கிறவர்கள் உண்டு என்பது எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

சரி, குத்திவிட்டது. என்ன செய்வது? சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். விரலைப் பிதுக்கி ரத்தம் எடுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். அப்புறம் உடனே பொறுப்பில் உள்ளவரிடம் சொல்லுங்கள். ஹெச்ஐவி தடுப்பு மாத்திரை தேவை என்றால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பொதுவாகக் கொடுப்பதில்லை. தொடங்கினால் 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.

இதில் 'பொறுப்பில் உள்ளவரிடம் சொல்லுங்கள்' என்ற இடத்தில்தான் எல்லாம் நின்றுபோகிறது. சொன்னால், "உன்னை யார் மூடியை மாட்டச் சொன்னது?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு விளக்கக் கடிதம். அதனால் கையைக் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். இப்படித் தனக்கு நேர்ந்ததையே மறைத்துப் பழகியவர், நாளைக்கு ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவு மாறிப்போனால் அதைச் சொல்வாரா? உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் செப்டம்பர் 17-ஐ நோயாளி பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. மறு ஆண்டே அதற்கு எடுத்துக்கொண்ட பொருள் சுகாதாரப் பணியாளர்களின் பாதுகாப்பு. கொரோனா காலம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தவறு வெளியே வந்தால் என்ன நன்மை என்று கேட்கலாம். பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு மருந்து. செறிவான கரைசலை நீர்க்கச் செய்யாமல் ரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கோ தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், சாதாரண உப்புக் கரைசல் குப்பியோடு மாறிப்போகும். அப்படி நடந்த மரணங்கள் பதிவாகி, பேசப்பட்ட பிறகுதான் பல நாடுகளில் அந்தப் பொட்டாசியம் குப்பியை வார்டு அலமாரியிலிருந்தே எடுத்தார்கள். 'கவனமாக இருக்கவும்' என்று நூறு சுற்றறிக்கை அனுப்பினாலும் இதற்கு ஈடாகாது.

களைப்பும் இதே கதைதான். அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பயிற்சி மருத்துவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டார்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பழைய டியூட்டி முறையில், நேரத்தைக் குறைத்த முறையைவிடச் சுமார் 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் நடந்தன. இரண்டு டியூட்டி சேர்த்துப் பார்த்தேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களையும், அதற்குக் கைதட்டுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கைதட்ட வேண்டிய விஷயமா அது?

துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிப் பேசவே ஆளில்லை. ஊசி போட்டவருக்காவது அது எந்த நோயாளியுடையது என்று தெரியும். குப்பைப் பையைத் தூக்கும்போது தொடையில் குத்துப்பட்டவருக்கு அதுவும் தெரியாது. பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததுமே மூடி, மாற்றிவிட வேண்டும். நிரம்பி வழிகிற பெட்டியில் இன்னொன்றைத் திணிக்கிறவருக்கு அதைத் தூக்கப்போகிறவரின் முகம் தெரியாது, அதுதான் வசதியாகப் போய்விடுகிறது. தடுப்பூசியும் கனமான கையுறையும் முதலில் இவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

நோயாளியாகவோ துணைக்கோ போகும் நேயர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மருந்து கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் உங்கள் பெயரைக் கேட்பார்கள். "காலையிலேயே சொன்னேனே" என்று கோபப்படாமல் முழுப் பெயரையும் சொல்லுங்கள். கை கழுவிவிட்டீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல செவிலியர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசி குத்திவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால், "கழுவியாச்சா? எத்தனை மணிக்குக் குத்தியது? வாங்க, டாக்டரிடம் போவோம்" என்று சொல்லுங்கள். மூடியை ஏன் மாட்டினார், ஊசிப் பெட்டி ஏன் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்பதையெல்லாம் மறுநாள் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.