வெள்ளம் வருமுன் அணை

மேடையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் அவர்களே, இரவுப் பணி முடித்த கையோடு சீருடையிலேயே வந்திருக்கும் செவிலியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பார்கள். பரம்பரைப் புற்றுநோய் விஷயத்தில் எனக்கு இந்தப் பழமொழிதான் வேதம். அந்த அபாயத்தைக் காட்டும் மரபணுச் சோதனைக்குத் தடையாக நிற்கும் செலவு, தூரம், மொழி என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். செலவைப் பொறுத்தவரை, இயற்கையான மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அங்கே பல ஆய்வகங்கள் இந்தச் சோதனையைச் செய்ய முன்வந்தன. தூரத்தைப் பேராசிரியரே விளக்கிவிட்டார். சரி, மொழிக்கு வருகிறேன்.

மரபணு ஆலோசகராக நான் சந்தித்த ஒரு அம்மா. சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே அழிந்திருந்தது. “ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்திருக்கும்மா. நல்லதுதானே?” என்றார். புற்றுநோயைத் தடுக்க உதவும் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் கேடான மாற்றம் இருக்கிறது என்பதுதான் அந்தப் ‘பாசிட்டிவ்’. ஒரு மருத்துவமனையில் அதைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். உட்காரவைத்துச் சொல்ல ஆள் இல்லை. அவரும் மகள்கள் இருவரிடமும் “எல்லாம் நல்லபடியா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டார். பதினான்கு மாதம் அந்தக் காகிதம் உறைக்குள்ளேயே கிடந்தது.

அந்த மாற்றம் உள்ள பெண்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்த மாற்றம் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண் பிள்ளைக்கும்தான், அப்பா வழியிலும் வரும், இதைப் பலர் கேட்பதே இல்லை. பெரிய மகளுக்கு அப்போது வயது 36. சினைப்பையையும் கருக்குழாயையும் அகற்றுவது பற்றி 35 முதல் 40க்குள் முடிவெடுக்கச் சொல்கிறார்கள். அணை போட வேண்டிய வயது அது! சோதித்தோம். பெரியவளுக்கு இருந்தது, சின்னவளுக்கு இல்லை. பெரியவள் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். மார்புக்கு ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுக்கிறாள்.

வெள்ளம் வருமுன் அணை போட, வெள்ளம் வருகிறது என்று புரிகிற மொழியில் யாராவது சொல்ல வேண்டாமா? அதைத்தான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். சோதனை முடிவோடு, நோயாளியின் மொழியிலேயே அக்கா தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்க ஒரு பக்கக் கடிதம். அப்புறம், அதைப் படித்துக் காட்ட ஒரு ஆள், நேரிலோ போனிலோ.

மாதிரிக் கடிதத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். தலைவர் அவர்கள் இப்போதே வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும். ‘பாசிட்டிவ்’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை.