அறுவைக்குப் பின் வரும் அரிப்பு

வணக்கம். மார்பக அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் பலருக்கு, வலி குறைந்த பிறகு அரிப்பு ஆரம்பிக்கும். "புண் ஆறுது, அதான் அரிக்குது" என்று வீட்டில் சொல்வார்கள். தையலை ஒட்டி லேசாக அரித்தால் அது சரிதான். மற்ற அரிப்புகளுக்குக் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

பிளாஸ்திரி ஒட்டிய இடம் மட்டும் அதே கட்டமாகச் சிவந்து பொரிந்திருந்தால், பசை ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களே பிய்க்காதீர்கள், கட்டுப் போடும் நர்ஸிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றுவார்.

பலரையும் குழப்புவது மரத்துப்போன இடத்தில் வரும் அரிப்பு. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது, மேல்கையின் உட்பக்கத்துக்குப் போகும் நரம்பு இழுபடலாம், அறுபடவும் செய்யலாம். தொட்டால் உணர்வு இருக்காது, ஆனால் அரிக்கும். எவ்வளவு சொறிந்தாலும் அடங்காது. தோல் கிழிந்தாலும் தெரியாது. அந்தப் பக்கத்துக் கையில் ஒரு நகக்கீறல் போதும், கிருமி நுழைய. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அரிக்கும்போது உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி வைக்கலாம், ஆனால் கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். மரத்த தோலுக்குக் குளிர் உறைப்பது தெரியாது.

அடுத்தது நம் சென்னை வியர்வை. மார்பின் அடிமடிப்பில் செக்கச்செவேலென்று படர்ந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சைதான். பவுடர் கொட்டினால் வியர்வையில் குழைந்து அங்கேயே அப்பிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமாகக் குளித்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மின்விசிறிக் காற்றில் மடிப்பை உலர விடுங்கள். பிறகு தளர்வான பருத்தி உள்ளாடை. கடையில் கேட்டு வாங்கும் 'எல்லாவற்றுக்குமான' களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு அடங்கும், பூஞ்சை வெளியே தெரியாமல் பரவும். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் ஆறாத தையல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காயம் முழுக்க மூடிய பின், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போதும்.

உடம்பு முழுக்கத் தடிப்பு வந்தால் புதிதாகத் தொடங்கிய மாத்திரையைச் சந்தேகப்படுங்கள். டாக்டருக்கு உடனே போன் செய்யுங்கள். உதடு வீங்கினால், மூச்சு இறுக்கினால் 108-ஐ அழையுங்கள். தையலைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கீமோ (புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை) நடக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.