பனடோல் கேட்டு வருகிறவர்கள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தவன் நான். புண்ணுக்குக் கட்டுப் போட்டுப் பழகிய கை, மைக்கைப் பிடித்தால் நடுங்குகிறது.

'வேலைப் பளுவும் மனநலமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மனசு சரியில்லை என்று எவனும் என்னிடம் வந்ததில்லை. "ஐயா, தலை வலிக்குது, பனடோல் குடுங்க" என்றுதான் வருவான். அடுத்த வாரம் வயிற்றெரிச்சல். அதற்கடுத்த வாரம் நெஞ்சு படபடப்பு. பிரஷர் பார்த்தால் சரியாக இருக்கும். மூன்றாம் தடவை நான் மாத்திரை டப்பாவைத் திறக்கமாட்டேன். "ராத்திரி தூங்கினியாப்பா?" என்பேன். அங்கேதான் உடைவான்.

ஓய்வு பெற்ற பிறகும் வீடு தேடி வருகிறார்கள். ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன்; டவுனில் ரொட்டி சானாய் போடுகிறவன். விடிய 5 மணிக்கு மாவுக்கு நின்றால், ராத்திரி கடை கழுவிவிட்டுத்தான் படுக்கை. ஏஜெண்டுக்குக் கட்டியது வட்டிப் பணம். அக்கா நகை அடகில். பாஸ்போர்ட் முதலாளி மேசைக்குள். ஊருக்குப் போன் போட்டால் "நல்லா இருக்கேம்மா" என்பான்.

நமக்கு இது புதுக்கதையா? நம் பாட்டன், தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணக் கடனோடு கப்பல் ஏறியவன்தானே! ஆள் வேலைக்கு இறங்கினால் கங்காணிக்குத் தலைக்காசு. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கங்காணி போனான், ஏஜெண்டு வந்தான். ஆனால் பாட்டனுக்கு லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுச் சண்டையாவது இருந்தது, திருவிழா இருந்தது. (கள்ளுக்கடையும் இருந்தது. அது இன்னொரு நாள் பேச வேண்டியது.) இவனுக்குக் கடை மாடியில் எட்டுப் பேர் படுக்கும் அறை. அதில் பாதிப் பேர் பேசுவது இவனுக்குப் புரியாது.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் இந்தோனேசியாக்காரர், வங்காளதேசத்துக்காரர் பாடும் இதுதான். தூக்கமில்லாத கண்ணோடு அண்ணாந்து, நீளக் கம்பில் அரிவாள் மாட்டிக் குலை வெட்டுகிறான். 20 கிலோ குலை மேலிருந்து வருகிறது. சற்றே அசந்தால் போச்சு.

சட்டம் இல்லாமலில்லை. 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேர வேலை, அதற்கு மேல் ஓவர்டைம். வாரம் ஒரு நாள் ஓய்வு. 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. 2019 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி உண்டு. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஆனால் வேலை பெர்மிட், முதலாளி பெயரில் இருக்கிறதே! வாயைத் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். கடன் இருக்கிறவன் எப்படிப் பேசுவான்? அவனை உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான். வட்டி அதற்கு அடங்காது.

இங்கே கடை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள். ஓய்வு நாளில் கடைப்பக்கம் கூப்பிடாதீர்கள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வான். தூக்கத்தைக் கேளுங்கள், கடனைக் கேளுங்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் விளையாட்டாக எடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அரசாங்க உதவி எண் 15999க்குப் போன் போடுங்கள்.

அந்தத் தம்பியின் முதலாளியிடம் நானும் கோயில் தலைவரும் போய்ப் பேசினோம். ஒரு மணி நேரம், மூன்று தேத்தண்ணி. பாஸ்போர்ட் கைக்கு வந்தது. கடன் இன்னும் இருக்கிறது. இப்போதும் லீவு நாளில் என் வீட்டுக்கு வருகிறான். பனடோல் கேட்பதில்லை. வீட்டு முன்பக்கத்து அஞ்சடியில் பாயை விரித்து, மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் போகிறான்.