உடையும் அலையில் மீட்புப் படகு: வேகத்தை எப்போ குறைக்கணும்?

[காட்சி: கரையிலிருந்து கிளம்பும் ரப்பர் படகு]

பிரிட்டன், அயர்லாந்து கரைகள்ல ஆர்.என்.எல்.ஐ.ங்கிற கடல் மீட்புத் தொண்டு அமைப்பு 1963லேருந்து ஓட்டுற படகு வகை இது. பேரு டி கிளாஸ். இப்போ இருக்கிறது 5 மீட்டர் நீளம், 50 ஹெச்பி எஞ்சின், மணிக்கு 46 கிலோமீட்டர் வரை போகும். அந்த வேகத்துல அலையைக் கிழிச்சிட்டுப் போயிடலாம்னு தோணும். அப்படிப் போனா படகு கவிழும்.

[காட்சி: மணல்திட்டு மேல உடையும் அலைகள்]

அலை உயரம் அந்த இடத்து ஆழத்துல முக்கால் பங்கைத் தாண்டினா அலை உடையும். அதனால ஆழமான பாதையைத் தேடணும். நீந்துறவங்களைக் கரையிலிருந்து கடலுக்குள்ளே இழுக்குற நீரோட்டம் இருக்கே, படகுக்கு அதுதான் நல்ல வழி. அங்கே அலை குறைவா உடையும்.

பெரிய அலைகள் கூட்டமா வரும், நடுவுல இடைவெளி இருக்கும். அதுக்குக் காத்திருக்கணும். அப்பவும் நுரை அலை வந்துட்டா அணியத்தை, அதாவது படகோட முன்பகுதியை, நேரா அதுக்குக் காட்டணும், ரெண்டு பேர் முன்னாடி போய் எடை கொடுக்கணும். மோதுறதுக்குச் சற்று முன்னாடி த்ராட்டிலை, அதாவது எஞ்சின் விசையை, குறைக்கணும், அணியம் மேலே ஏறினதும் கூட்டணும். குறைக்கலைன்னா படகு அந்தரத்துல எழும்பும், அடியில காத்து புகுந்து பின்பக்கமா மல்லாத்திடும். ரொம்பக் குறைச்சாலும் ஆபத்து. நுரையில காத்து கலந்திருக்கிறதால புரொப்பல்லருக்குப் பிடிப்பு கிடைக்காது. அலை படகைக் குறுக்கே திருப்பி உருட்டிடும்.

[காட்சி: தண்ணீரில் தத்தளிப்பவர்]

ஆளைத் தூக்க, அவருக்குக் கரைப்பக்கமா வந்து கடலைப் பார்த்து நிக்கணும். கடல்பக்கம் நின்னா அடுத்த அலை படகை அவர் தலைமேலேயே தள்ளும். கை பிடிச்சதும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரணும். தூக்குறது மத்தவங்க வேலை. ஓட்டுறவர் கண்ணு கடல்மேலேயே இருக்கணும். பெரிய அலை தெரிஞ்சா பிடிக்காம விலகி, சுத்திட்டு மறுபடி வரணும்.

திரும்பி வரும்போதுதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. 2 மீட்டர் ஆழத்துல அலையோட வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர்தான். அதோட முதுகுலயே வரணும். முந்தினா அணியம் தண்ணியில குத்தும், பின்பக்கம் சுழலும்.

கவிழ்ந்தா முதல்ல தலை எண்ணணும். அப்புறம் அடிப்பக்கம் ஏறி நின்னு, கயித்தைப் பிடிச்சுப் பின்னால சாஞ்சா படகு நிமிரும். முங்கினாலும் திரும்ப ஓடுற மாதிரி எஞ்சினை அமைச்சிருக்காங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, மிதக்குற கயிறு புரொப்பல்லர்ல சுத்தியிருக்கான்னு பாக்கணும். பக்கத்துல யாராவது நீந்துறாங்களான்னும் பாக்கணும்.