பூரி ஜெகந்நாதரின் 545 கோடியும் கரூரின் பங்குப் பத்திரங்களும்: வங்கி மூழ்கினால் நட்டம் யாருக்கு?

2020 மார்ச் 5ஆம் தேதி இரவு, பூரி ஜெகந்நாதர் கோயிலின் சுமார் 545 கோடி ரூபாய் ஒரு தனியார் வங்கியில் சிக்கிக்கொண்டது. வாடிக்கையாளர் எவரும் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்திருந்தது. அதே இரவில், அந்த வங்கியில் கணக்கே இல்லாதவர்களின் கைபேசியிலும் போன்பே நின்றுபோனது. அதன் யுபிஐ பரிவர்த்தனைகள் அந்த வங்கி வழியாகவே நடந்துவந்தன. அதுதான் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட யெஸ் வங்கி.

வணக்கம். பெரிய நிறுவனம் மூழ்கும்போது அரசு கைகொடுக்க வேண்டுமா என்ற கேள்வியை, ஒரே ஆண்டில் தடுமாறிய இரண்டு வங்கிகளை வைத்துப் பார்ப்போம். மற்றொன்று, 1926இல் கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி. இரண்டையும் சாய்த்தவை திரும்பி வராத பெருங்கடன்கள். பின்னணியாக இவ்வளவு தெரிந்தால் போதும்.

யெஸ் வங்கியைக் காப்பாற்ற எட்டு வங்கிகள் சேர்ந்து 10,000 கோடி ரூபாய் போட்டன. அதில் 6,050 கோடி, மத்திய அரசு பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் பாரத ஸ்டேட் வங்கியின் பணம். மார்ச் 18ஆம் தேதி கட்டுப்பாடு நீங்கியது. இந்த உதவி தேவைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சேமிப்பைப் போட்டுவைத்தவர் வங்கியின் கடன் புத்தகத்தைப் படித்துப் பார்க்க வழியே இல்லாதபோது, அதன் தவறுக்கு அவரைத் தண்டிப்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

ஆனால், இந்தக் கதையில் என்னை வியக்க வைத்தது வேறொரு செய்தி. இங்கே சற்று நின்று கவனியுங்கள். ஒரு நிறுவனம் நொடித்தால் இழப்பை முதலில் தாங்க வேண்டியவர் பங்குதாரர், ஏனெனில் இலாபம் வந்தபோது அதை எடுத்துக்கொண்டவர் அவர்தான். அவருடைய மூலதனம் கரைந்த பிறகே அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவரின் முறை வரும். யெஸ் வங்கியில் இந்த வரிசை தலைகீழானது. வங்கி தன் மூலதனத்தைத் திரட்ட விற்கும், நெருக்கடியில் திருப்பித் தராமல் போகக்கூடிய ஏடி-1 என்ற வகைக் கடன் பத்திரங்கள், 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ளவை, ஒரே நாளில் முழுமையாக அழிக்கப்பட்டன, பழைய பங்குகளோ பிழைத்துக்கொண்டன. நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்கள், அவற்றில் முக்கால் பங்கை மூன்று ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்பது மட்டுமே அவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. பத்திரங்களை அழித்தது செல்லாது என்று 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

இப்போது கரூருக்கு வருவோம். 2020 நவம்பர் 17ஆம் தேதி லட்சுமி விலாஸ் வங்கிக்கும் கட்டுப்பாடு வந்தது, உச்சவரம்பு 25,000 ரூபாய். பத்தே நாளில் அது சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியுடைய இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் முதலீடு செய்தது. சுமார் 20 இலட்சம் வைப்புதாரர்களின் பணமும் தப்பியது. ஆனால் பங்குகளின் மதிப்பு பூச்சியமானது, சுமார் 318 கோடி ரூபாய்க்கான கடன் பத்திரங்களும் உடன் அழிந்தன.

லட்சுமி விலாஸ் வங்கியின் நிகர மதிப்பு, அதாவது சொத்தில் கடனைக் கழித்தால் மிஞ்சுவது, ஏற்கெனவே எதிர்மறையாகிவிட்டது, ஆகவே பங்குதாரருக்குத் தர எதுவும் மீதமில்லை என்பது அதிகாரிகள் தரப்பு வாதம். அதை நான் ஏற்கிறேன். ஆனால் 2019 டிசம்பர் காலாண்டில் மட்டும் 18,564 கோடி ரூபாய் நட்டம் காட்டிய யெஸ் வங்கியின் மூலதனத்தைத் தூக்கி நிறுத்தியதில், இனி திருப்பித் தர வேண்டியிராத அந்த அழிக்கப்பட்ட பத்திரங்களுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை மறந்துவிட்டு இரண்டையும் ஒப்பிட முடியாது.

உதவி செய்ததில் பொதுப்பணம் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்க்கு வாங்கிய பங்குகளில் ஒரு பகுதியை, 2025இல் பாரத ஸ்டேட் வங்கி ஜப்பானின் சுமிடோமோ மிட்சுய் வங்கிக்கு 21 ரூபாய் 50 காசு வீதம் விற்று 8,889 கோடி ரூபாய் பெற்றது. பணம் போடும்போதே பங்கைக் கேட்டு வாங்கியதால் கிடைத்த பலன் இது. அதனால்தான், அரசு உதவட்டும், ஆனால் பழைய முதலாளிகளின் பங்கு முதலில் கரையட்டும் என்கிறேன். மும்பைக்கு ஒரு வரிசை, கரூருக்கு ஒரு வரிசை என்று இருக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் லட்சுமி விலாஸ் வங்கியின் பங்குப் பத்திரமோ யெஸ் வங்கியின் ஏடி-1 பத்திரமோ இருந்ததா? அதை உங்களுக்கு விற்றவர் என்ன சொல்லி விற்றார் என்பதைக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.